செவ்வாய்ப் பையனிடம் "நீ பூமிக்காரன்தான்" என்று சொல்லியிருக்க வேண்டுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 3 மார்ச் 2024

நேற்று 'மார்ஷியன் சைல்ட்' பார்த்தேன். 2007இல் வந்த படம், ஜான் குசாக் நடித்தது. மனைவியை இழந்த ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒரு பையனைத் தத்தெடுக்கிறார். பையன் தன்னைச் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவன் என்கிறான். இவர் முதல் நாளே "இல்லப்பா, நீயும் எங்களைப் போலத்தான்" என்று சொல்லியிருந்தால் பாதிப் படம் மிச்சம். அதை விட்டுவிட்டுக் கூடச் சேர்ந்து ஆடுகிறார். இது அன்பா, சோம்பேறித்தனமா? ஒரு பொய்யைச் சோறு போட்டு வளர்த்துவிட்டு அப்புறம் எப்படி வீட்டை விட்டு அனுப்புவது? தத்தெடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

தத்தெடுத்தவன் சொல்கிறேன்.

முதல் நாள் என்கிறீர்களே, அன்றைக்கு அந்தப் பையன் டென்னிஸ் எங்கே இருக்கிறான்? ஓர் அட்டைப்பெட்டிக்குள். வெயில் பட்டால் ஆகாது என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் போய் "நீ மனுஷன்" என்றால் "வெளியே வா" என்றுதான் அவன் காதில் விழும். வரமாட்டான். குசாக் என்ன செய்கிறார்? வெயில்தானே தொல்லை, இந்தா வெயிலுக்குப் பூசுகிற களிம்பு என்று வைத்துவிட்டுப் போகிறார். இது வியாபாரி புத்தி, எனக்குப் பிடித்தது. எங்கள் கடைக்கு ஒருவர் ஃபேன் சத்தம் போடுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தால், உங்கள் காதில் கோளாறு என்று சொல்லமாட்டேன். முதலில் ஃபேனைக் கழற்றிப் பார்ப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். 2017இல் எங்கள் மகள் வந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. அவள் செவ்வாயிலிருந்து வரவில்லை, கிணற்றுக்குள்ளிருந்து வந்தாள். அதை அப்புறம் எழுதுகிறேன், கடை அடைத்துவிட்டு வந்த அசதி.

அப்புறம், படத்தில் ஜோன் குசாக் அவருக்கு மனைவியாக வருகிறாரே, அவருடைய நடிப்புதான் படத்திலேயே அலட்டிக்கொள்ளாத நடிப்பு.

4 மார்ச்

மனைவி இல்லை, சகோதரி. நிஜத்திலும் இருவரும் உடன்பிறந்தவர்கள். பாதித் தூக்கத்தில் எழுதியது. மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டீர்கள், போதும்.

6 மார்ச்

கிணறு பற்றிக் கேட்கிறீர்கள். சுருக்கமாக.

வந்து நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, சாயங்காலம் ஆளைக் காணோம். தேடினால் வாசலில் சம்ப் மூடியின் மேல் குப்புறப் படுத்து, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன பாப்பா என்றேன். "எங்க வீடு இதுக்குள்ளதான இருக்கு. பேசிட்டு இருக்காங்க" என்றாள். பயம், அழுகை எதுவும் இல்லை. தபால்காரர் தகவல் சொல்வது போலச் சொன்னாள்.

தண்ணீருக்கு அடியில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. எந்தக் கிணற்றில் இறங்கினாலும், எந்தத் தொட்டியில் இறங்கினாலும் அங்கே போய்விடலாம். எல்லாம் அடியில் சேர்ந்துதான் இருக்கிறதாம். அவள் மேலே வந்தபோது கதவு சாத்திக்கொண்டது. திறக்கும்வரை இங்கே இருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

நான் முதலில் செய்தது சம்ப் மூடிக்குப் பூட்டுப் போட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. எட்டடி ஆழம்.

ஏன் கிணறு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். தெரிந்த கொஞ்சமும் அவளுடையது.

7 மார்ச்

படத்தைப் பற்றித்தானே பேச வந்தோம். டென்னிஸ் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டியிருப்பான், டார்ச் பேட்டரிகளை வரிசையாக ஒட்டியது. அது இல்லாவிட்டால் பூமியை விட்டு மிதந்து போய்விடுவானாம். கடையில் ஒரு பெரிய டார்ச் செல்லை எடை போட்டுப் பார்த்தேன். 90 கிராம் சொச்சம். பத்து செல் கட்டினாலும் ஒரு கிலோ தேறாது. இருபது கிலோப் பையனைப் பிடித்து வைக்க அது போதுமா என்று கேட்டால், போதும் என்று அவன் நம்புகிறான்.

பௌதிகப்படி பார்த்தால் கதை தலைகீழ். செவ்வாயின் ஈர்ப்பு இங்கிருப்பதில் 38 சதவீதம்தான். அங்கிருந்து வருகிறவனுக்கு இங்கே உடம்பு இரண்டரை மடங்கு கனக்க வேண்டும். மிதக்க வழியே இல்லை. பெல்ட்டுக்குப் பதில் ஊன்றுகோல் கேட்டிருக்க வேண்டும்.

வெயில் விஷயத்தில் மட்டும் பாதி நியாயம் உண்டு. செவ்வாய் சூரியனிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே விழும் வெளிச்சம் நமக்கு விழுவதில் பாதிகூட இல்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அவன் பெட்டிக்குள் ஒளிந்தால் குற்றம் சொல்ல முடியாது. எனக்கே ஒரு பெட்டி வேண்டும்.

7 மார்ச், மறுபடியும்

அந்தத் தலைகீழ்க் கணக்கைக் கடையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பையன் பாடப்புத்தகம் பார்த்தா செவ்வாயைத் தேர்ந்தெடுத்தான்? தன்னை இங்கே யாரும் பிடித்து வைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். கனமான ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, கையில் கிடைத்தது பேட்டரி.

எங்கள் மகள் முதல் ஆறு மாதம் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்காருவாள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னாலேயே. எதற்கு என்று கேட்டதில்லை, எனக்கு அப்போது புரியவும் இல்லை.

9 மார்ச்

சட்டம் கேட்டு இரண்டு பேர். படத்தில் வருவது போலத் தனி ஆள் இங்கே தத்தெடுக்க முடியுமா?

முடியும். ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தை தரமாட்டார்கள், பையன் மட்டும்தான். பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது வித்தியாசம் வேண்டும். தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு காரா, அதன் தளத்தில் பதிவு, வீட்டு ஆய்வு அறிக்கை, அப்புறம் காத்திருப்பு. குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் சரி சொல்ல வேண்டும். எங்களுக்கு விவரம் வந்தபோது நான் ஒரு கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டு ஏணி மேல் நின்றிருந்தேன். எங்கள் காலத்தில் நீதிமன்றம் ஆணை கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். வந்த பிறகு இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

10 மார்ச்

"கன்னத்தில் முத்தமிட்டால் இருக்கும்போது இது எதற்கு?" என்றவருக்கு: அதுவும் பிடிக்கும். அதில் அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்தநாளில் பெற்றோர் ஓர் உண்மையைச் சொல்கிறார்கள், அவள் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். இதில் பையன்தான் ஒரு கதை சொல்கிறான், பெரியவர் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். எங்கள் வீடு இரண்டாவது வகை.

17 மார்ச்

படத்தின் மூலக்கதை டேவிட் ஜெரால்டு எழுதியது. 1994இல் குறுநாவலாக வந்து, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா இரண்டு பரிசும் வாங்கியது. 2002இல் நாவலாக விரித்தார். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில், மயிர்ப்பந்து போன்ற குட்டிப் பிராணிகள் பெருகிக் கப்பலையே நிரப்புகிற பகுதி 1967இல் வந்ததே, அதை எழுதியவரும் இவர்தான்.

அவர் நிஜமாகவே தனி ஆளாக ஒரு பையனைத் தத்தெடுத்தவர். தன்பால் ஈர்ப்பாளர், அதை மறைத்தவரும் இல்லை. படம் எடுத்தவர்கள் அவரை மனைவியை இழந்தவராக மாற்றி, ஆறுதலுக்கு நடிகை அமாண்டா பீட்டையும் சேர்த்துவிட்டார்கள். படம் வந்தபோதே இதைப் பலர் விமர்சித்தார்கள். எனக்கும் அது ஒட்டவில்லை. செத்துப்போன மனைவியின் ஏக்கத்தால்தான் ஒருவர் தத்தெடுக்க வேண்டுமா? எங்களிடமும் கேட்டார்கள்: "எத்தனை வருஷம் ட்ரீட்மெண்ட் பாத்தீங்க?" பார்க்கவில்லை என்றால் நம்பமாட்டார்கள். ஒரு சோகம் காட்டினால்தான் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பார்கள் போல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விசித்திரமான குழந்தை என்று படம் டென்னிஸைக் காட்டுகிறது. அவனை வளர்த்தவருடைய நிஜ வாழ்க்கையைக் காட்ட மட்டும் துணிச்சல் வரவில்லை. "நீ இருக்கிறபடியே இரு" என்று பையனுக்குச் சொல்கிற படம் இது.

24 மார்ச்

திருட்டுக்கு வருவோம். டென்னிஸ் அடுத்தவர் பொருளையெல்லாம் எடுத்துச் சேர்த்துவைப்பான், கேமராவில் படம் பிடிப்பான். மனிதர்களை ஆராய வந்தவன் அல்லவா. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் ஸ்பூன் குறைந்தது. அப்புறம் என் லைன் டெஸ்டர். மனைவியின் கொலுசுத் திருகாணி. நாங்கள் இருவரும் சொல்லிவைத்தது போலப் பேசாமல் இருந்தோம். பேசினால் 'திருட்டு' என்ற சொல் வந்துவிடும். வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் வாயிலும் வந்துவிடும். "ரத்தம் யாருதோ" என்று ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள்.

2018 கோடையில் சம்ப்பைக் கழுவ ஆள் இறங்கினார். வாளியில் முதலில் வந்தது சேறு. அப்புறம் மூன்று ஸ்பூன், என் டெஸ்டர், திருகாணி, ஒரு பொட்டு டப்பா, நான்கைந்து கூழாங்கல். மூடியில் கைவிட்டுத் தூக்க ஓர் ஓட்டை இருக்கும், அதன் வழியாகப் போட்டிருக்கிறாள்.

மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எனக்கு மறக்காது. மாட்டிக்கொண்ட முகம் இல்லை. அனுப்பிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தால் ஒரு முகம் போகுமே, அது.

என் அம்மாதான் காப்பாற்றினாள். எல்லாவற்றையும் முந்தானையில் துடைத்துக்கொண்டே, "ஊர்ல எல்லாவளும் பொறந்த வீட்ல இருந்து வாங்கிட்டு வருவாளுக. எம்பேத்தி ஒருத்திதான் பொறந்த வீட்டுக்குச் சீர் அனுப்புறா" என்றாள். சம்ப் கழுவ வந்தவர் சிரித்தார், நாங்கள் சிரித்தோம், கடைசியில் அவளும்.

25 மார்ச்

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வேறு யாரும் மகளிடம் அந்த வீட்டைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. நாங்கள் கேட்டால் வளர்த்துவிடுவோமோ என்று பயம். இரண்டு அத்தைகள் மந்திரிக்கச் சொன்னார்கள். அம்மா ஒருநாள் சாயங்காலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சம்ப் மூடி மேல் உட்கார்ந்து, "ஏ புள்ள, உங்க வீட்ல இன்னைக்கு என்ன குழம்பு?" என்றாள்.

மகள் ஒரு நிமிடம் யோசித்தாள். "மீன் கொழம்பு."

"தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு மீனத் தின்னா, மீனெல்லாம் கோச்சுக்காதா?"

"எங்க மீனு வேற, திங்கற மீனு வேற அப்பத்தா."

அப்புறம் இது தினமும் நடக்கும். அதுவரை சாத்தூர் காராச்சேவும் வெறும் சோறும் தவிர வேறு எதையும் தொடாதவள், கீழே என்ன குழம்போ அதை மேலேயும் கேட்க ஆரம்பித்தாள். டென்னிஸுக்கு ஒரே தானியப் பொட்டலம் போல எங்களுக்கு மூன்று மாதம் காராச்சேவு. என் மனைவி இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள்.

சரி, கேள்வி கேட்டவருக்கு இதுவும் ஒரு பதில். கூட ஆடுவது சோம்பேறித்தனம் இல்லை. அதைவிட வேலை பிடிக்கிற காரியம் எதுவும் நான் பார்க்கவில்லை.

28 மார்ச்

"பெட்டியில் வந்த பிள்ளை என்றால் கர்ணன்" என்று எழுதியவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் இருந்துகொண்டு நான் கர்ணனுக்குப் போகலாமா? துளசிச் செடியடியில் கிடைத்த பெண், தன்னை ஆயர்பாடிப் பெண்ணாகவே நினைத்துக்கொண்டவள், பெருமாளைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்றவள். எடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார். அம்மா சொல்லும் கதையில் அவர் தனி ஆள்தான். இன்று காராவில் விண்ணப்பித்தால் பெண் குழந்தை கிடையாது என்று தள்ளிவிடுவார்கள்.

சாமிக்குக் கட்டிய மாலையை அவள் போட்டுப் பார்த்ததற்கு முதலில் அவரும் திட்டினார் என்பதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். மாலையைத் தூக்கி வைத்துவிட்டு வேறு கட்டிக்கொண்டு போனார். பெருமாள் வந்து சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார். எனக்கெல்லாம் யாரும் கனவில் வந்து சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள்.

கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. மாலையைப் போட்டுக்கொண்டு ஆண்டாள் அதில்தான் அழகு பார்த்தாள் என்பார்கள். மகளை முதன்முதலில் கூட்டிக்கொண்டு போனபோது கிணறு என்று சொல்லாமல் நகர்த்திவிடப் பார்த்தேன். அம்மா விடவில்லை. கூட்டிப்போய் நிறுத்தி, "இவளும் ஒன்னய மாதிரி கிணத்துக்காரிதான்" என்றாள். மகள் வெளியே வந்து பால்கோவா வாங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அவங்க திரும்பப் போனாங்களா?"

ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சாமியோடு கலந்துவிட்டாள் என்று சொல்ல வேண்டிய இடம். எனக்கு வாய் வரவில்லை. மகளைத் திருமால் கொண்டுபோய்விட்டான் என்று பெரியாழ்வார் தாயின் பாவனையில் புலம்புகிற பாட்டு இருக்கிறது. எத்தனையோ மார்கழி ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன், அன்றுதான் அது ஒரு வீட்டுக்காரரின் பாட்டு என்று தெரிந்தது.

2 ஏப்ரல்

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

படத்தில் ஒரு விசாரணை வருகிறது. பையன் இவரிடம் இருக்கலாமா என்று குழு முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் டேவிட் (படத்தில் குசாக்கின் பெயர்) அவனிடம், வீட்டில் நீ செவ்வாய்க்காரனாக இரு, அவர்கள் முன்னால் மட்டும் பூமிக்காரன் என்று காட்டிக்கொள் என்கிற மாதிரி பேசி வைக்கிறார். பையனும் அங்கே போய் அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறான். எல்லோருக்கும் நிம்மதி.

முதல் முறை பார்த்தபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

2018 ஜனவரி. சமூகப் பணியாளர் இரண்டாவது தடவை வருகிறார். முதல் நாள் இரவு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நாளைக்கு மேடம் வருவாங்க. கிணத்து வீட்டப் பத்தி அவங்ககிட்ட சொல்லக் கூடாது, சரியா? சொன்னா..." என்று நிறுத்தினேன். மிரட்ட நினைக்கவில்லை. எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. நான் முடிக்காத வாக்கியத்தை அவள் முடித்துக்கொண்டாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

மறுநாள் மேடம் "உன் வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். "பிடிச்சிருக்கு மேடம். எனக்கு இந்த ஒரு வீடுதான்" என்றாள். திருத்தமாக, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஒப்பிப்பது போல. மேடம் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகும்போது அவருக்குக் கால் கிலோ பால்கோவா கொடுத்தேன், வாங்கவில்லை.

அன்றிரவு அவள் சம்ப் பக்கம் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. பழகிவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னேன்.

இதே படத்தில் இன்னொரு காட்சி உண்டு. பையன் எதையோ உடைத்துவிட்டு, இனி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்குவான். டேவிட் தட்டுகளை எடுத்துத் தானும் உடைப்பார், பொருள் போனால் போகட்டும் என்று. சாஸை ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சிக்கொண்டு அமர்க்களம். அந்த நேரம் பார்த்துச் சமூகப் பணியாளர் வந்து நிற்பார். சிரிப்புக் காட்சி. ஆனால் ஒன்று கவனித்தேன். தட்டு உடைப்பவருக்குப் பயமே இல்லை, விசாரணைக்குத் தயார்ப்படுத்துகிறவருக்கு உடம்பெல்லாம் பயம். ஒரே ஆள். பையனுடைய கற்பனை அவனுக்குக் கெடுதல் என்பதால் டேவிட் அதை மறைக்கச் சொல்லவில்லை, தன் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்களோ என்பதால் சொன்னார். நானும்தான்.

ஆகவே கேள்வி கேட்டவரே, கூட ஆடியதில் தப்பில்லை. பாதியில் "வெளியாட்கள் வருகிறார்கள், நிறுத்து" என்றோமே, அங்கேதான்.

3 ஏப்ரல்

"உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள்" என்று ஐந்து பேர். வருத்திக்கொள்ளவில்லை, எழுதினேன். அந்தச் சமூகப் பணியாளர் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி.

5 மே

மகளுக்கு இப்போது பதின்மூன்று. லீவு விட்டாயிற்று. நேற்று வீட்டில் எல்லோருமாகப் படத்தைப் போட்டோம். சப்டைட்டிலை அம்மாவுக்கு அவள்தான் படித்துச் சொன்னாள், தன் இஷ்டத்துக்கு நாலு வரி சேர்த்து.

அவளுடைய விமர்சனம்: பையன் ஏன் எப்போதும் தொண்டை கட்டியவன் போலப் பேசுகிறான்? அந்த அப்பாவுக்கு வேலை வெட்டியே இல்லையா? நாய் நல்லா இருக்கு.

கடைசிக் காட்சியைப் பற்றி எங்களுக்குள் சண்டை. டென்னிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உயரமான குவிமாடத்தின் விளிம்பில் நிற்பான், செவ்வாய்க்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள் என்று. ஹெலிகாப்டர் வெளிச்சம் விழும். டேவிட் ஏறிப்போய், நான் உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று மன்றாடுவார். எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் "இது ஓவர்" என்றாள். "அவன் போறதுக்காக ஏறல. வரச் சொல்லி ஏறினான்."

யாரை என்றேன். "அப்பாவத்தான். வேற யார?"

6 மே

நான் இங்கே எழுதியதையெல்லாம் அவளிடம் காட்டிவிட்டேன். போட்ட பிறகு காட்டியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பெயர் போடாத வரைக்கும் சரி என்றாள். இரண்டு திருத்தம் கொடுத்தாள்.

ஒன்று, ஸ்பூன் மூன்று இல்லை, நான்கு. ஒன்று இன்னும் உள்ளேதான் இருக்கிறதாம்.

இரண்டாவது திருத்தம் ஏப்ரல் 2ஆம் தேதிக்கு. படித்து முடித்துவிட்டுச் சிரித்தாள். "நான் மேடம்கிட்ட எல்லாத்தையும் சொன்னேனே."

எப்போது?

"நீங்க காபி போடச் சொல்ல உள்ள போனீங்கல்ல, அப்ப. அவங்களே கேட்டாங்க, அந்தத் தொட்டி மூடிக்கு எதுக்குப் பூட்டுன்னு."

மேடம் என்ன சொன்னார்? அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். இவள் சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று இப்போதும் என்னிடம் சொல்லமாட்டாளாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றால் தெரிய வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டாராம்.

பிறகு ஏன் அந்த வாரம் சம்ப் பக்கம் போகவில்லை?

"தைப்பூசத்துக்கு ரேடியோ கட்டியிருந்தாங்கப்பா. ஒண்ணும் கேக்கல."

ஆறு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்ததை ஓர் ஒலிபெருக்கி மேல் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். மனைவியிடம் சொன்னேன். "அந்த ரேடியோ செட்டுக்கு லைன் இழுத்ததே நீங்கதான்" என்றாள்.

7 மே

"அப்படியானால் உங்கள் ஏப்ரல் 2 வாதம் விழுந்துவிட்டதே" என்கிறார் கேள்வி கேட்டவர். முழுதாக விழவில்லை. நான் சொன்னது சொன்னதுதான். அவள் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்தது மட்டும் தப்பு. டென்னிஸும் அந்தக் குழு முன்னால் எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்துதான் சொல்லியிருப்பான் போல. அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

19 மே

சம்ப் மூடி துருப்பிடித்து ஓரம் விட்டுப்போயிற்று. ஃபைபர் மூடி வாங்கிப் போட்டேன். பழையதைத் தூக்கிப்போட வேண்டாம் என்றாள், அப்பத்தா உட்கார வேண்டுமாம். ஃபைபரில் உட்கார்ந்தால் வழுக்குகிறது என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். இப்போது ஃபைபர் மூடி மேல் பழைய மூடி கிடக்கிறது. வாங்கிய காசு வீண்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது அம்மா அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மகள் படியில் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, உங்க வீட்ல இன்னைக்கு என்ன குழம்பு?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இப்பல்லாம் அங்கயும் யாரும் சமைக்கிறதில்ல அப்பத்தா. பார்சல்தான்."